ரோஸ்பெர்க்கின் தழும்பு

சூரிச்சிலிருந்தோ லுட்செர்னிலிருந்தோ திச்சினோ பக்கம் ரயிலில் போகிறவர்கள் ஆர்த்-கோல்டாவ் நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். வண்டி மாறக் காத்திருக்கும் சில நிமிடங்களில் வடகிழக்கே நிமிர்ந்து பார்த்தால், காடு மூடிய மலையின் உச்சியிலிருந்து வெளிறிய பட்டை ஒன்று கீழ்நோக்கி இறங்குவது தெரியும். மலையின் பெயர் ரோஸ்பெர்க். 1806 செப்டம்பர் 2ஆம் தேதி மாலை ஐந்து மணியளவில் அதன் தெற்குச் சரிவு உரிந்து இந்தப் பள்ளத்தாக்கில் விழுந்தது. சுமார் 4 கோடி கனமீட்டர் பாறையும் மண்ணும் சில நிமிடங்களுக்குள் இறங்கின. 457 பேர் இறந்தார்கள். 111 வீடுகளும், இருநூறுக்கும் மேற்பட்ட தொழுவங்களும் களஞ்சியங்களும், தேவாலயங்களும் போயின. கோல்டாவ் என்ற ஊரே இல்லாமல் போயிற்று.

இன்றைய கோல்டாவ் அந்த இடிபாட்டின் மேல்தான் நிற்கிறது. தண்டவாளமும் பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் காப்பிக்கடையும் அதன் மேல்தான். அவசரமாக வண்டி மாறுகிறவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. தெரிந்துகொண்டால் அந்த நடைமேடையில் நிற்பது முன்புபோல் இருக்காது.

அன்றைய ஊர் எப்படி இருந்தது என்பதை நமக்கு விட்டுச் சென்றவர் கார்ல் ட்ஸாய் என்ற வைத்தியர். பக்கத்து ஊரான ஆர்த்தில் வைத்தியம் பார்த்தவர். சரிவு நடந்த மறு ஆண்டே, 1807இல், கோல்டாவும் அதன் சுற்றுப்புறமும் எப்படி இருந்தன, என்ன ஆயின என்பதைப் படங்களோடு புத்தகமாக வெளியிட்டார். பிழைத்தவர்களின் உதவிக்கென்றே அதை அச்சிட்டார். பேரழிவைப் பற்றி எழுதுகிறவர்கள் விழுந்ததை எழுதுவார்கள். விழுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதையும் எழுதி வைத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன். பசும்புல், பழமரங்கள், மாடுகள், ரிகி மலைக்குப் போகும் யாத்திரிகர்களும் பயணிகளும் தங்கிச் செல்லும் வழி என்று வாழ்ந்த ஊர் அது. தலைக்கு மேலே ரோஸ்பெர்க். அது அதற்கு முன்பும் சரிந்திருக்கிறது. பழைய சரிவுகளில் வந்த பாறைகள் புல்வெளிகளில் கிடந்தன. ஊரார் அவற்றைச் சுற்றிப் புல் அறுத்து, மாடு மேய்த்து, பிள்ளை வளர்த்தார்கள்.

1806ஆம் ஆண்டுக் கோடை மழைக்கோடை. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் முதல் தேதியிலும் விடாமல் கொட்டியது. இரண்டாம் தேதி காலையிலேயே மலைமேல் வெடிப்புகள் விரிந்தன. கற்கள் உருண்டன. காட்டுக்குள் மரவேர்கள் அறுபடும் சத்தம் கேட்டது. மலை சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டது.

பழைய பயண நூல்களில் ஒரு கிழவரைப் பற்றிய கதை வரும். மலை விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தவர். அன்று மாலை ஓடிவந்த இளைஞன் ஒருவன் மலை இறங்குகிறது என்று கத்த, அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை சுங்கானில் புகையிலை நிரப்ப நேரம் இருக்கிறது என்று உள்ளே திரும்பினாராம். அவரை அசட்டுக் கிழவர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயுள் முழுக்க மலையடியில் இருந்தவருக்கு மலையின் முனகல் புதிதல்ல. எந்த முனகலுக்கு ஓட வேண்டும் என்று சொல்ல அன்று ஆள் இல்லை. ஓடினால் எங்கே போவது என்பதற்கும் பதில் இல்லை. வீடும் மாடும் நிலமும் எல்லாமே அந்தச் சரிவுக்கு அடியில்தான் இருந்தன.

அதே நேரத்தில் பெர்ன் நகரத்துப் பயணிகள் குழு ஒன்று ரிகிக்குப் போகும் வழியில் கோல்டாவை நெருங்கிக்கொண்டிருந்தது. முன்னே நடந்தவர்கள் ஊருக்குள் போய்விட்டார்கள். பின்தங்கியவர்கள் தூரத்தில் நின்று மலைமேல் கற்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நூறு அடி தூரம்தான் அவர்களுக்குள் யார் பிழைப்பது என்பதை முடிவு செய்தது. சரிந்த திரளின் ஒரு பகுதி லவெர்ட்ஸ் ஏரிக்குள் பாய, எழுந்த அலை ஏரியின் மறுகரையில் உள்ள சேவென் வரை போய் அடித்தது. இன்னொரு பகுதி பள்ளத்தாக்கைக் கடந்து எதிரே இருக்கும் ரிகியின் அடிவாரச் சரிவில் ஏறி நின்றது.

இந்தத் தழும்பின் மேலே ஏறிப் போகப் பாதை இருக்கிறது. நிலையம் கடல்மட்டத்திலிருந்து 510 மீட்டர் உயரத்தில். சரிவு தொடங்கிய நீப்பன் உச்சி 1567 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். மே மாதக் கடைசியில், வசந்தம் என்று பெயருக்குச் சொல்லிக்கொண்டு வெயில் கொளுத்திய ஒரு நாளில், நானும் ஒரு அண்ணனும் ஏறினோம். அவர் இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். லுட்செர்னில் ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை. மலையில் பிறந்தவர் என்பதால் ஏற்றத்தில் என்னைவிட அவருக்கு மூச்சு அதிகம்.

முதல் ஒரு மணி நேரம் காட்டுக்குள் போகிறது. காடு என்று பார்த்தால் காடு. கால் வைத்தால்தான் அது தரையில் நிற்கவில்லை என்பது புரியும். வீட்டளவு பாறைகள் கோணல்மாணலாகக் கிடக்க, அவற்றின் மேலேயே மரங்கள் நின்று, வேர்களைப் பாறையின் இரு பக்கமும் தொங்கவிட்டு மண்ணைத் தேடிப் பிடித்திருக்கின்றன. பாறைகளின் இடுக்கில் பாசி. பள்ளங்களில் சிறு குட்டைகள். இருநூறு ஆண்டுகளில் ஒரு காடு இவ்வளவு செய்திருக்கிறது. இதற்கு அடியில்தான் அந்த ஊர் இருக்கிறது என்று தெரிந்தபின் பேச்சு தானாகக் குறைந்துவிடும்.

காட்டை விட்டு வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைகிறது. தழும்பு தெற்கு நோக்கி இருக்கிறது. நிழல் குறைவு. பாறை காலையிலேயே சூடு பிடித்துவிடுகிறது. அன்று தெற்கிலிருந்து வறண்ட மலைக்காற்று வேறு. வியர்வை கண்ணில் வழிய, தண்ணீர் குப்பியை எண்ணி எண்ணிக் குடிக்க வேண்டியிருந்தது. எதிரே தூரத்து மலைகளில் பனி இன்னும் மிச்சம். இங்கே பல்லிகள் பாறை மேல் வெயில் காய்கின்றன.

உட்கார்ந்து பாறையைப் பார்த்தேன். மலை ஏன் விழுந்தது என்பது அங்கே கையால் தொட்டுப் பார்க்கும்படி இருக்கிறது. பாறை முழுக்க உருண்டைக் கூழாங்கற்கள். முட்டையளவும் தேங்காயளவும் கற்கள், இறுகிய மணலுக்குள் கடலை உருண்டையில் கடலை பதிந்திருப்பது மாதிரிப் பதிந்திருக்கின்றன. ஆல்ப்ஸ் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், ஆறுகள் உருட்டி வந்து கொட்டிய கற்கள் இவை. அடுக்கடுக்காகக் கொட்டியதில், கல் அடுக்குகளுக்கு நடுவே சுண்ணாம்புக் களிமண் அடுக்குகளும் படிந்தன. பிறகு மலை உயர்ந்தபோது அந்த அடுக்குகள் எல்லாம் பள்ளத்தாக்குப் பக்கமாகச் சாய்ந்தன. சாய்வு சுமார் 20 பாகை.

கோளாறு அங்கேதான். மழைநீர் கல் அடுக்கின் வெடிப்புகள் வழியே உள்ளே இறங்கும். களிமண்ணைத் தொட்டதும் அதற்கு மேல் இறங்க முடியாமல் அங்கேயே தேங்கும். களிமண் இளகும். நீரின் அழுத்தம் மேலே இருக்கும் பாறையைத் தாங்கித் தூக்கும். பிடிமானம் போன பிறகு பெரும் பாறைத்தட்டு அப்படியே வழுக்க வேண்டியதுதான். பாதையோரத்தில் ஓர் இடத்தில் கல் அடுக்குக்கு அடியிலிருந்து இன்னும் நீர் கசிந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு விரற்கடைக் களிமண். தொட்டுத் தேய்த்தால் சோப்பு வழுக்கல். சுற்றிலும் பாறை சுட்டுக்கொண்டிருக்க, அந்த இடம் மட்டும் குளிர்ந்திருந்தது. இந்த மலை இன்னும் முடிந்துவிடவில்லை. 2005 ஆகஸ்ட் மாதத்துப் பெருமழையிலும் ரோஸ்பெர்க் சரிவில் மண் இறங்கியது.

அண்ணனும் குனிந்து அந்தக் களிமண்ணை எடுத்தார்.

“தம்பி, எங்க தோட்டத்துலயும் லயத்துக்குப் பின்னாடி இப்படித்தான் கசியும். மழைக்காலத்துல சுவர் பொத்துக்கிட்டுத் தண்ணி வரும். அம்மா சாக்கு வச்சு அடைப்பாங்க.”

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

தழும்பின் மேற்பகுதியில் புல்லுக்கும் பைன் கன்றுகளுக்கும் நடுவே பூக்கள். இந்தச் சரிவு நிலம் ஆர்க்கிட் மலர்களுக்குப் பேர் பெற்றது. மஞ்சள் நிறத்தில் குழிந்த பையும் அதைச் சுற்றிப் பழுப்புச் சிவப்பில் முறுக்கிய இதழ்களும் கொண்ட பூ ஒன்றைப் பார்த்தோம். ஐரோப்பாவில் பாதுகாக்கப்பட்ட மலர் அது. பறிப்பது குற்றம். பூச்சி ஒன்று பைக்குள் விழுந்து, வழுக்கும் உள்சுவரில் ஏற முடியாமல், பின்பக்கத்துச் சிறு வழியாக வெளியே வரும்போது மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். இந்த வகைச் செடிகளுக்கு அடர்ந்த காட்டு நிழல் ஆகாது. சுண்ணாம்பு கலந்த மெல்லிய மண்ணும் நல்ல வெளிச்சமும் வேண்டும். 1806 அந்த இரண்டையும் இங்கே உண்டாக்கிக் கொடுத்தது. இதை ஆறுதல் என்று எழுத மாட்டேன். 457 பேருக்குப் பூ ஈடாகாது. ஆனால் நடந்தது இதுதான்.

நீப்பன் உச்சியில் நின்றால் சரிவின் முழு உருவமும் கீழே விரிகிறது. காலடியில் தழும்பு, அதன் கீழே விசிறியாகப் பரந்த காடு, காட்டின் ஓரத்தில் ரயில் நிலையம், இடப்பக்கம் 1806இல் ஒரு பகுதி தூர்ந்துபோன லவெர்ட்ஸ் ஏரி. எதிரே ரிகி. இங்கிலாந்து ஓவியர் டர்னர் 1843இல் கோல்டாவை நீர்வண்ணத்தில் தீட்டினார். மாலைச் சூரியன் எரிய, முன்னால் பாறைக் குவியல்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்த இடம் ஒரு ஓவியர் கண்ணுக்குப் பாறைக் காடாகத்தான் இருந்தது.

ஊர் உடனே எழவில்லை. 1806இல் சுவிஸ் என்பது இன்றைய ஒன்றுபட்ட நாடு அல்ல. தத்தம் வழியில் போகும் மாநிலங்களின் தளர்ந்த கூட்டு. அந்த ஆண்டு கூட்டமைப்பின் தலைமையில் இருந்தவர் பாசல்காரரான ஆன்ட்ரியாஸ் மேரியன். எல்லா மாநிலங்களும் கோல்டாவுக்கு உதவ வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். பணமும் ஆளும் பல மாநிலங்களிலிருந்து வந்து சேர்ந்தன. மொழியும் மதமும் வேறான மாநிலங்கள் ஒரு ஊருக்காகச் சேர்ந்து கை கொடுத்ததைச் சுவிஸ் வரலாற்றில் நாடு தழுவிய முதல் உதவி என்று இன்றும் சொல்கிறார்கள். உள்ளபடி அது சாதாரண விஷயம் அல்ல.

பிறகு ரயில் வந்தது. 1875இல் ரிகிக்குப் பல்சக்கரப் பாதை, 1882இல் கொத்தார்ட் பாதை. சரிவுப் பாறைகளுக்கு நடுவே தண்டவாளம் போட்டார்கள். பாதைகள் கூடும் சந்தியாகி, ரயில் ஊழியர்கள் குடியேறி, கோல்டாவ் மறுபடி ஊரானது. 1925இல் பாறைக் காட்டின் ஒரு பகுதி விலங்குப் பூங்காவாயிற்று. இன்று அங்கே கரடியும் ஓநாயும் இருக்கின்றன. அழிந்துபோன தாடிக் கழுகுகளை ஆல்ப்ஸில் மீண்டும் விடுவதற்காக அங்கே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் குடும்பங்களும் பிள்ளைகளோடு போகிறார்கள். பிள்ளைகள் மானுக்குத் தீனி கொடுத்து விளையாடும் இடம், சரிந்து விழுந்த மலை. சரிவு நிலம் முழுவதையும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலப்பரப்பு என்று கூட்டாட்சி அரசு பட்டியலில் சேர்த்திருக்கிறது.

ஊரும் பாதையும் பூங்காவும் கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்கள். என் மனத்தில் நின்ற மாற்றம் வேறு. அது மலைகளைப் பார்க்கிற விதத்தில் வந்த மாற்றம்.

கிராவுபுண்டன் மாநிலத்தில் பிரியென்ஸ் என்ற சிற்றூர். மேலே இருந்த மலை நகர்ந்துகொண்டே வந்ததை ராடாரும் அளவைக் கருவிகளும் இரவுபகலாகக் கணக்கிட்டன. 2023 மே 12ஆம் தேதிக்குள் ஊர் முழுவதும் வெளியேற வேண்டும் என்று சொன்னார்கள். வெளியேறினார்கள். ஜூன் 15ஆம் தேதி இரவு லட்சக்கணக்கான கனமீட்டர் பாறை இறங்கி ஊரின் வாசலில் வந்து நின்றது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. அடுத்தது வாலிஸ் மாநிலத்தில் பிளாட்டன். 2025 மே 19ஆம் தேதி சுமார் 300 பேரை வெளியேற்றினார்கள். மாடுகளையும் ஆடுகளையும் வெளியேற்றினார்கள். காலில் காயம்பட்ட ஒரு மாட்டை ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிப் போனார்கள். மே 28ஆம் தேதி மேலே இருந்த பனியாறு பாறையோடு இடிந்து விழுந்து ஊரின் பெரும்பகுதியை மூடிவிட்டது. ஒருவர் இறந்தார். அவர் வெளியேற்றப்பட்ட பகுதிக்கு வெளியே இருந்தவர். வீடுகளை இழந்த துயரம் பெரியது. ஆனாலும் 1806ஐ நினைத்துப் பார்க்கிறவருக்கு அந்த ஒரே ஒரு சாவு என்ற கணக்கின் அருமை தெரியும்.

இறங்கி வரும் வழியில், பிளாட்டன் மாட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அண்ணன் மறுபடி வாய் திறந்தார்.

“மாட்டத் தூக்குனது நல்லதுதான் தம்பி, உசுருதானே அது. மீரியபெத்தயில எங்க சனத்தயும் அப்படித் தூக்கியிருக்கணும்.”

கொஸ்லந்தை மீரியபெத்தை அவர் பிறந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை மலை இறங்கி, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அங்கே மலை சொல்லாமல் வரவில்லை. மனிதர்களும் சொல்லாமல் இருக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை நகர்த்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் அங்கேயே இருந்தார்கள். தப்பியவர்களில் பலர் அதன்பின் நெடுநாள் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் காலம் கழித்தார்கள். கேரளத்தில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, உறங்கிக்கொண்டிருந்த லயங்களின் மேல் மலை இறங்கி 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள், அவர்களின் குழந்தைகள்.

எச்சரித்தும் ஏன் போகவில்லை என்று தொலைக்காட்சிகளில் கேட்டார்கள். எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலைக்கு வந்தால்தான் அந்த ஒற்றை அறை. அதை விட்டால் வாசலில் வைக்க ஒரு பானைக்குக்கூட இடமில்லாதவரிடம், மலை அசைகிறது எழுந்து போ என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அது எச்சரிக்கை ஆகாது. பிரியென்ஸ்காரர் போனார் என்றால், போய்த் தங்க இடமும், போன நாட்களுக்குக் காப்புறுதியும், திரும்பி வந்தால் தன் பெயரில் வீடும் இருந்ததால் போனார். சுவிஸில் ராடார் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்று பேசுகிறார்கள். ராடார் வேண்டும்தான். ஆனால் மீரியபெத்தையில் பார்த்துச் சொல்லக் கருவியின் தேவையே இல்லாமல் இரண்டு முறை சொல்லியாயிற்று. அங்கே இல்லாமல் போனது நிலம். 1806இல் கோல்டாவுக்காரர்களுக்கு அறிவியல் இல்லை, அவர்களை யாரும் குற்றம் சொல்ல முடியாது. 2014இல் அறிவியல் இருந்தது.

இலங்கை மலையகத்தில் அக்டோபரில் மழை பலக்கத் தொடங்கும். சுவிஸிலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் நாம் ஊர்க் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் அனுப்புகிறோம். மலையகத்தின் அரசியல் பிரதிநிதிகள் இங்கே வரும்போது மாலை போட்டு வரவேற்கிறோம். அடுத்த முறை மாலை போடும்போது மூன்று கேள்விகளையும் கேளுங்கள். சரிவு ஆபத்து என்று எழுத்தில் குறிக்கப்பட்ட லயங்கள் எவை? அவற்றில் எத்தனை குடும்பங்களுக்குத் தங்கள் பெயரில் நிலம் கொடுத்தாயிற்று? இந்த மழைக்கு முன் வீடு எழும்புமா? பதில் வரும்வரை கேளுங்கள்.